வைகைச் சீமை – 23: ரெண்டு உசிராகப் பிரியும் இடம்

போன வாரம் பிளேக்கோடு நிறுத்தினோம். கொள்ளை நோய் என்றால் அரசாங்கம் பயப்படும். பயந்தால் கணக்கு எழுதும். பின்னால் வரலாறு எழுத வருகிறவனுக்கு அந்தக் கணக்கு உதவும். பேறுகாலத்தில் கண்ணை மூடிய பெண்களுக்கு நம் பக்கத்தில் வெகுகாலம் அப்படி ஒரு தனி ஏடு கிடையாது. அவர்களைத் தேடினால் சாலையோரத்துக்குத்தான் போக வேண்டும்.

சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று எந்தத் திக்கில் போனாலும் பழைய பாதைகளில் ஒன்றிரண்டு இன்னும் நிற்கின்றன. நிறுத்திய இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல், ஏறக்குறைய நெஞ்சுயரம். அந்த உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது. தலையில் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ வைத்திருப்பவர், இன்னொருவர் கைகொடுக்காமல் அப்படியே முன்னால் சாய்த்துக் கல்லின் மேல் இறக்கிவிடலாம். மூச்சு வாங்கிய பிறகு அதேபோலத் தலையை உள்ளே கொடுத்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது அந்தக் கல். வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்கும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் பாரம் குறையும் என்று நம்பினார்கள். ராஜா வைத்த கல்வெட்டு அல்ல இது. புருஷனோ தகப்பனோ வைத்தது. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். தலைச்சுமை போய் மினிலாரி வந்தபின் அது உட்கார்ந்து பேசுகிற திண்ணையாகிவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது மண்ணுக்குள் போன கற்களும் உண்டு. அதற்கும் யாரும் கணக்கு எடுக்கவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் பிரசவம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்க ஒரு வாக்கியம் உண்டு: ‘ரெண்டு உசிராப் பிரிஞ்சாச்சா?’ ஆணா பெண்ணா என்பதெல்லாம் அப்புறம். பிரிதல் எந்த இடத்தில் நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

இடம் வீடுதான். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீடு. வீட்டிலும் நல்ல அறை கிடையாது. பின்கட்டு, இல்லாவிட்டால் தொழுவத்தை ஒட்டிய இடம். தீட்டு ஆயிற்றே. காற்றுப் படக் கூடாது என்று சன்னலை அடைத்துவிடுவார்கள். உத்தரத்தில் ஒரு கயிறு தொங்கும். வலி வரும்போது அதைப் பிடித்துக்கொண்டு முக்க வேண்டும். திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். மகளுக்கு இடுப்பு வலி. தாய் வருகிற வழியில் காவிரியில் வெள்ளம். சிவனே அந்தத் தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படித்தால், இது வர வேண்டிய ஆள் ஆற்றைத் தாண்டி வர முடியாமல் போன கதை. சாமி வராத வீடுகளும் இருந்திருக்கும் அல்லவா?

அந்த வீடுகளுக்கு வந்தவள் மருத்துவச்சி. நாவிதர் சமூகத்துப் பெண். அந்தச் சமூகத்துக்கே மருத்துவர் என்று பெயர். ஆண்கள் சவரத்தோடு ரண வைத்தியமும் பார்ப்பார்கள். பெண்கள் பேறுகாலம் பார்ப்பார்கள். சில ஊர்களில் பறையர், சக்கிலியர் வீட்டுப் பெண்களும் இந்த வேலை செய்தார்கள். கூலி என்று பேசி வைப்பதில்லை. நெல், சேலை, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் காசு. ஆண் பிள்ளை என்றால் கொஞ்சம் கூட. ஒரு வீட்டின் மூன்று தலைமுறையைத் தன் கையில் வாங்கியவள், மறுநாள் அதே வீட்டில் திண்ணையைத் தாண்டி உள்ளே வர முடியாது.

அவளை மூடநம்பிக்கையின் உருவமாக வரைகிற பழக்கம் மிஷனரி அறிக்கைகளில் தொடங்கி நம் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வயிற்றைத் தடவியே தலை எந்தப் பக்கம் என்று சொல்வாள். விளக்கெண்ணெய் தடவிப் பொறுமையாகக் காத்திருப்பாள். பிறகு பிள்ளைக்குச் சேனை வைப்பது, தாய்க்குக் காய மருந்து இடிப்பது, பத்தியம் சொல்வது எல்லாம் அவள்தான். பெரும்பாலான பிரசவம் அதற்குள் முடிந்துவிடும். முடியாத பிரசவத்தில்தான் அவளிடம் ஒன்றும் இருக்காது. நஞ்சு விழாமல் உதிரம் கொட்டினால் நிறுத்த வழி இல்லை. கால் முகம் வீங்கி, கண் இருண்டு, வலிப்பு வந்தால் பேய் என்பார்கள். மூன்றாம் நாள் குளிர் நடுக்கி ஜுரம் வந்தால் ஜன்னி. தொப்புள்கொடியை அறுக்க வீட்டில் கிடைத்த பன்னரிவாளோ சவரக்கத்தியோ. அறுத்த இடத்தில் சாம்பல். அதில் பிள்ளைக்கு வருவது ரண ஜன்னி. கை கழுவினால் இதில் பாதி வராது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மேல்நாட்டு டாக்டர்களுக்கே அதைச் சொல்ல ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1847இல் வியன்னாவின் பெரிய பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்த வார்டில் ஜன்னி கண்டு செத்த தாய்மார்கள், தாதிகள் பார்த்த வார்டைவிட அதிகம். மாணவர்கள் பிண அறையில் அறுத்துவிட்டு அதே கையோடு வந்தார்கள். குளோரின் நீரில் கையைக் கழுவச் சொன்னதும் சாவு சட்டென்று குறைந்தது. சக மருத்துவர்கள் அவரை நம்பவில்லை என்பது வேறு கதை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘ஆஸ்பத்திரிக்குப் போனா பொணமாத்தான் வருவா’ என்று நம் ஊர்க் கிழவிகள் பயந்ததைக் கேலி செய்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி திறந்தார்கள். பின்னாளில் எழும்பூர் ஆஸ்பத்திரி என்று பெரிய பெயர் எடுத்தது அதுதான். அந்த ஆண்டு செம்மல்வைஸின் கண்டுபிடிப்பே இன்னும் வரவில்லை. ஜன்னிக்குச் சரியான மருந்தாக சல்பா மாத்திரை வந்தது 1930களின் நடுவில்.

மதுரைக்கு வருவோம். அமெரிக்க மதுரை மிஷன் 1834இலேயே இங்கே வந்துவிட்டது. ஆனால் பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1885இல் பாலின் ரூட், பிறகு 1895இல் ஹாரியட் பார்க்கர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக மிஷன் நடத்திய ஆஸ்பத்திரியைப் பார்க்கரம்மா பல பத்தாண்டுகள் கட்டிக் காத்தார். இன்று கீழவெளி வீதியில் கிறிஸ்துவ மிஷன் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வது அந்த மிஷன் மருத்துவப் பணியின் தொடர்ச்சி. ஆண் டாக்டர் தொடக் கூடாது என்பதால் பெண் டாக்டர் தேவை. அந்நியச் சாதிக்காரர் தண்ணீர் தொடக் கூடாது என்பதால் வீட்டிலிருந்து சாப்பாடு. இப்படிப் பல நிபந்தனைகளோடுதான் நகரத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்களில் பலர், மருத்துவச்சி கைவிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் வலியோடு மாட்டுவண்டியில் வந்தவர்கள். அவர்களில் செத்தவர்களின் கணக்கு மருத்துவச்சி பெயரில் ஏறவில்லை, ஆஸ்பத்திரி பெயரில் ஏறியது. ஊர்ப் பயத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

1940இல் வைகையின் வடகரையில், பனகல் சாலையில், கவர்னர் எர்ஸ்கின் பெயரில் அரசு ஆஸ்பத்திரியின் புதிய கட்டடம் எழுந்தது. பெயர் பிற்பாடு ராஜாஜி என்று மாறியும் எழுபது வயதுக்காரர்கள் வாயில் எர்ஸ்கின் போகவில்லை. மற்றவர்களுக்கு அது பெரியாஸ்பத்திரி. 1954இல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. நகரத்தைப் பொறுத்தவரை இடம் ஆயிற்று. நகரத்துக்கு வெளியே, கண்மாயும் புஞ்சையுமாகக் கிடக்கிற சமவெளியில், இரவு இரண்டு மணிக்கு வலி எடுக்கிற பெண்ணுக்குப் பனகல் சாலையும் லண்டனும் ஒரே தூரம்தான்.

இங்கேதான் டி.வி.எஸ். குடும்பம் கதைக்குள் வருகிறது. தூரத்தைக் குறைத்ததில் இந்தச் சீமையில் டி.வி. சுந்தரம் அய்யங்காருக்கு ஈடு கிடையாது. 1912இல் தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் பஸ் விட்டுத் தொடங்கியவர். டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் இடுப்பு வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. அய்யங்காரின் மகள் சௌந்தரம் எடுத்துக்கொண்டது இந்த இடைவெளியை.

1904இல் பிறந்த சௌந்தரத்துக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம். கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போய் அந்த நோய்க்கே பலியானார். போன வாரக் கதையின் கணக்கில் அவரும் ஒருவர். இருபது வயதை ஒட்டிய ஒரு வைணவ பிராமண விதவைக்கு அந்தக் காலம் என்ன வாழ்க்கை வைத்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். 1936இல் டாக்டராக வெளியே வந்தார். அங்கே உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் பழக்கம். அந்த வட்டத்திலேயே ஜி. ராமச்சந்திரன். அவர் மலையாளி, வேறு சாதி, ஹரிஜன சேவையில் இருந்தவர். வீட்டில் எதிர்ப்பு. 1940இல் சேவாகிராமத்தில், காந்தியின் முன்னிலையில் மறுமணம் நடந்தது.

கஸ்தூர்பா 1944 பிப்ரவரியில் சிறையில் இறந்ததும் அவர் பெயரில் நாடெங்கும் நிதி திரட்டினார்கள். ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே போக வேண்டும் என்றார் காந்தி. நினைவு மண்டபம் கட்டுகிற யோசனைக்கு அவர் இடமே தரவில்லை. தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது.

1947இல் மதுரை–திண்டுக்கல் சாலையை ஒட்டிச் சின்னாளபட்டியில், இரண்டே படுக்கையோடு ஒரு பேறுகால விடுதி தொடங்கியது. அன்றைக்கு அது மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985இல். சின்னாளபட்டி என்றால் தறி, சுங்குடிச் சேலை. நிறைமாதத்திலும் நூல் சுற்றுகிற பெண்களின் ஊர். அவர்கள் நடந்து வருகிற தூரத்தில் இரண்டு கட்டில். மதுரையில் அப்பா வீட்டுச் செல்வாக்கை வைத்து இருநூறு படுக்கைக்கு அடிக்கல் நாட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாததுதான் சௌந்தரத்தின் கெட்டிக்காரத்தனம் என்பேன். அந்த இரண்டு கட்டில் வளர்ந்து காந்திகிராமம் கஸ்தூர்பா மருத்துவமனை ஆனது. சுற்றி ஒரு கல்வி நிலையமே எழுந்து பல்கலைக்கழகமாயிற்று. 1964இல் கிராமியச் சுகாதார, குடும்ப நல ஆராய்ச்சிக்கென்று அங்கே ஒரு நிறுவனமும் வந்தது.

அதைவிடப் பெரிய வேலை ஆட்களைத் தயார் செய்தது. பள்ளிப் படிப்பு ஓரளவு இருக்கிற கிராமத்துப் பெண்களை எடுத்து, பிரசவம் பார்க்கவும் ஊர் சுற்றவும் பழக்கி அனுப்புவது. ஊரார் அவளை நர்சம்மா என்றார்கள். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கட்டளை வெந்நீர். தமிழ் சினிமாவில் பிரசவம் என்றாலே யாராவது ‘வெந்நீர் கொண்டாங்க’ என்று ஓடுவார்கள். எதற்கென்று எந்தப் படத்திலும் காட்டியதாக எனக்கு நினைவில்லை. பிளேடையும் கொடி கட்டுகிற நூலையும் போட்டுக் கொதிக்க வைக்கத்தான். பிறகு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். துவைத்து வெயிலில் காயவைத்த துணியை விரிக்கச் சொல்வாள். அடைத்த சன்னலைத் திறப்பாள். மாமியாரோடு முதல் சண்டை அங்கேதான் தொடங்கும். அரசாங்கமும் பின்னாளில் மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, பிளேடு, நூல், சோப்பு வைத்த சின்னப் பை ஒன்றைக் கையில் தந்தது. உலகம் முழுக்க அந்தத் திட்டம் நடந்தது. ஜன்னி குறைந்தது. உதிரப்போக்கும் வலிப்பும் அந்தப் பைக்குக் கட்டுப்படவில்லை.

காலத்தின் அளவு தெரிய ஒரு எண் போதும். 1946இல் நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு கொடுத்த அறிக்கை, இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பெண்கள் பேறுகாலத்தில் சாவதாக மதிப்பிட்டது. ஆயிரம் பிரசவத்துக்கு இருபது பேர். எழும்பூரில் பேர் எடுத்த மகப்பேறு மருத்துவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் இருந்தார்.

பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கையில் இதே கணக்கு வேறு விதமாகப் போயிற்று. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கி, ஊர் ஊராகப் பயிற்சி பெற்ற மருத்துவமாதுக்களை நியமித்தார்கள். மலேரியா ஒழிப்பும், இலவச ஆஸ்பத்திரியும், பெண்கள் படிப்பும் கூடவே வந்தன. பணக்கார நாடாகாமலே தாய் சாவைப் பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாம் அந்தப் பாடத்தை முழுசாகப் படிக்க இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு எடுத்துக்கொண்டோம்.

இடையில் உசிலம்பட்டி. 1986இல் இந்தியா டுடே அட்டைப்படக் கட்டுரையாகப் போட்ட பிறகு அந்த ஊர்ப் பெயரே பெண் சிசுக்கொலைக்கு மறுபெயர் ஆயிற்று. அந்த வட்டாரத்து மக்களுக்கு அது இன்றும் ஆறாத மனத்தாங்கல். மற்ற மாவட்டங்களிலும் நடந்ததுதானே என்பார்கள், நடந்ததுதான். இந்தத் தொடரில் அதற்குத் தனி வாரம் வரும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: வீட்டின் பின்கட்டில் பிறக்கிற பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே போய்விடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தால் எடை போட்டுப் பெயர் எழுதிவிடுவார்கள். மறுவாரம் நர்சம்மா வீடு தேடி வந்துவிடுவாள்.

1987இல் இரண்டு சங்கதி. நைரோபியில் உலக நாடுகள் கூடிப் பாதுகாப்பான தாய்மை என்று ஒரு இயக்கம் தொடங்கின. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகைத் திட்டம் வந்தது. தொடக்கத்தில் 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறியது. 1994இல் இரண்டு ஆய்வாளர்கள் தாய் சாவுக்கான காரணத்தை மூன்று தாமதமாகப் பிரித்து எழுதினார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில் ஒன்று, வழியில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் கவனிப்பதில் ஒன்று. அதே 1994இல் தமிழ்நாட்டுச் சுகாதாரத்துறை ஒவ்வொரு தாய் சாவையும் கணக்கெடுத்து விசாரிக்கத் தொடங்கியது. 2004இல் அது கட்டாயமாயிற்று.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கலெக்டர் ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம். எதிரே செத்தவளின் வீட்டு ஆட்கள். கேள்விகள் நோயைப் பற்றி மட்டும் இருக்காது. வலி எத்தனை மணிக்கு எடுத்தது? யாரிடம் முதலில் சொன்னீர்கள்? வண்டி எப்போது வந்தது? முதலில் எந்த ஆஸ்பத்திரி? அங்கே எவ்வளவு நேரம்? ஏன் அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள்? அங்கே ரத்தம் இருந்ததா? சுமைதாங்கிக் கல்லில் ஆண்டு மட்டும்தான் இருக்கும். இந்தக் கோப்பில் மணியும் நிமிஷமும் இருக்கிறது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஓட்டைகள் தெரிந்தன. சுகாதார நிலையங்களுக்குக் கட்டடம் இருந்தது, பகலில் டாக்டரும் இருந்தார், மாலையில் பூட்டு. 2000களின் நடுவில் மூன்று நர்ஸ்களை முறை வைத்து நியமித்து இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு ஒரே ஒரு திருப்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இராத்திரி விளக்கு எரிந்தது, உள்ளே தெரிந்த ஊர்க்காரி ஒருத்தி விழித்திருந்தாள். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் கூட இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். அம்மா வீட்டின் ஒரு துண்டு ஆஸ்பத்திரிக்குள் வந்தது. அறுவையும் ரத்தமும் எந்நேரமும் கிடைக்கிற சீமாங் மையங்கள் வந்தன. 2008 செப்டம்பரில் 108 ஓடத் தொடங்கியது.

2001–03இல் தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் 301. 2018–20இல் இங்கே 54, இந்தியாவில் 97. அதே கணக்கில் கேரளம் 19இல் நின்றதால் நாம் ரொம்பவும் மார்தட்ட வேண்டியதில்லை. உலகம் முழுக்க 2023இல் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பெண்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். நாம் தாண்டிவிட்ட இரவுகளை அவர்கள் இன்னும் தாண்டவில்லை.

வீட்டுப் பிரசவம் இங்கே முடிந்துபோன கதை. 2019–21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் மருத்துவமனையில். அதே ஏட்டில் இன்னொரு வரி: நூற்றுக்கு 44.9 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8, அரசில் 36. உயிர் காக்கிற அறுவை எந்த இடத்தில் வழக்கமாகிவிட்டது என்று டாக்டர்களே தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற குடும்பங்களும் அந்தச் சண்டையில் உண்டு. இருபத்து நாலு மணி நேரம் விளக்கெரிந்த சுகாதார நிலையங்களில் பிரசவம் குறைகிறது. எதற்கு வம்பு என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்; வீட்டாரும் அதையே விரும்புகிறார்கள்.

போன மாதம் ஒரு மாலை பெரியாஸ்பத்திரி மகப்பேறுப் பிரிவு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மர நிழலில் பாய் விரித்து, வயர் கூடை, பிளாஸ்க், பழைய சேலைத் துணி மூட்டையோடு ஒரு கூட்டம். ஒரு அப்பத்தா போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் என்ன கேட்டார்களோ, அவர் பதில் மட்டும் கேட்டது. “ஆபரேசன்தாம்மா. ஆமா, பொம்பளப் புள்ள. ரெண்டே முக்கால் கிலோ.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “அவளா? நல்லாருக்கா, இன்னும் முழிக்கல” என்றார்.

(தொடரும்)